நூலகத்துக்கு வந்த மூன்றாவது மெயில்

மூன்று மாதமாக ஒரு விஷயத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களுக்கு பஸ் நெரிசலும் பருப்பு விலையும் எழுதிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை. எழுதியிருந்தால் ஒரு பெண்ணுக்கு ஆபத்து. இப்போது எழுதலாம் என்று சம்மதம் கிடைத்திருக்கிறது... பெயர்களை மாற்றினால்.

மாற்றிவிட்டேன்.

நான் துணிக்கடைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல போகிற பாதையில் ஒரு சின்ன பஜார். கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் இந்தப் பத்தியை ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் பொது நூலகத்தில் உட்கார்ந்துதான் அனுப்புகிறேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று வேலை செய்யும். மற்றது... பக்கத்தில் இருக்கும். ஆளுக்கு அரை மணி நேரம். வரிசையில் நிற்பது பெரும்பாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற பையன்கள்.

நூலகப் பொறுப்பாளர் குசும் மிஸ். சிங்களப் பெண். தமிழ் பேசினால் முக்கால்வாசி புரியும், வாசிக்க வராது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறவரும் அவர்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"முதலாளி, மேக்க பலன்னக்கோ, இதப் பாருங்க. நூலகத்து மெயிலுக்கு வந்திருக்கு. இங்கிலீஷும் இல்ல, சிங்களமும் இல்ல. குப்பை மெயில்தானே? அழிக்கட்டா?"

எட்டிப் பார்த்தேன். அனுப்பியவர் பெயரே வேடிக்கை. ஏதோ ரோஜாப்பூ, நட்சத்திரம், நாலு நம்பர். உள்ளே ஆங்கில எழுத்தில் ஒரே ஓட்டமாகச் சில வரிகள். முற்றுப்புள்ளி கூட இல்லை. முதல் வார்த்தைகளை வாய்விட்டு வாசித்தேன். தமிழ்!

"மிஸ் நான் தவமணி. ஒங்க கிளாஸ்ல படிச்சேன். இது மூணாவது மெயில். போன புடுங்கிட்டாங்க. வெளிய போறப்ப என்னைய வச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. ஏஜென்சில சொன்ன வீடு இல்ல இது, வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. எந்த எடம்னே தெரியல. இந்த வீட்டுப் பையன் கம்ப்யூட்டர்ல எழுதுறேன். பதில் போடாதீங்க, பாத்தா தொலைஞ்சேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வெளிய போவாங்க. அப்ப வருவேன். எங்கம்மாவக் கூட்டிட்டு வாங்க மிஸ்."

நான் மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். குசும் மிஸ்ஸோ ஒரே ஒரு வார்த்தையில் சிக்கி நின்றார்.

"மூணாவதா?"

அவசர அவசரமாக, அழித்த மெயில்கள் போகிற பெட்டியைத் திறந்தார். காலி. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் துப்புரவாகக் கழுவி விடுவது அவர் பழக்கம். முதல் இரண்டிலும் அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள்? யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

"அனே தெய்யனே..." என்று கடவுளைக் கூப்பிட்டபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நூலகத்துக்கு ஏன் எழுதினாள் என்கிறீர்களா? கிளாஸில் பிள்ளைகளுக்கு முதல் பாடமே, நூலகத்து விலாசத்துக்கு ஒரு மெயில் அனுப்புவதுதான். தவமணிக்கு இந்த உலகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த மெயில் விலாசம் அது ஒன்றுதான். அம்மாவுக்கு போன் இல்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கடிதம் போட வெளியே விட வேண்டுமே!

தவமணியின் அம்மா காளியம்மாவை எனக்குத் தெரியும். மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். புருஷன் இல்லை. மகள் ஏஜென்சி மூலம் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தீபாவளிக்கு என் கடைக்கு வருவார். ஆள் அனுப்பினேன். மறுநாள் காலையில் வேலை முடித்த கையோடு, ரப்பர் பால் காய்ந்த விரல்களோடு வந்து நின்றார். மெயில் விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை.

"ஏஜென்சிக்காரன்கிட்ட நாலஞ்சு வாட்டி போயிட்டேங்க. எல்லாம் சரியாப் போயிரும்னே சொல்றான். வெளிநாட்டு வேலைக்கான கவர்மெண்டு ஆபீசு, அந்தக் கொழும்புக் கந்தோருக்கும் போனேன். 'அவ இருக்கிற அட்ரஸ் கொண்டா'ங்கிறாங்க. அத நான் எங்க போய்க் கொண்டாருவேன்?"

ஆக, வேண்டியது ஒரு விலாசம். அதைச் சொல்ல வேண்டியவளுக்கே அது தெரியாது. மெயில் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி அனுப்பவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை வரை நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவள் அங்கே, யாராவது வாசித்தார்களா என்றே தெரியாமல் இருக்க வேண்டும்.

இதில் இன்னொன்று. அந்த வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. நூலகம் மூடுகிற நாள்.

"நான் தொறக்கிறேன்" என்றார் குசும் மிஸ். "யாரும் கேட்டா தூசி தட்ட வந்தேன்னு சொல்றேன்."

"மேலிடத்தில் பிரச்சினை வந்தால்?"

"ரெண்டு மெயில அழிச்சது நான்தானே முதலாளி?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பின்கதவு வழியாகப் போனோம். முன் ஜன்னல்களைத் திறக்கவில்லை. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து மத்தியான இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தால் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது நூலகத்தில் சட்டம். ஏற்கெனவே ஒரு பெட்டி கருகிப்போயிருக்கிறது.

குசும் மிஸ் மேசை லாச்சியிலிருந்து, கிளாஸ் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கிற ஹெட்போனை எடுத்தார். பேச முடிந்தால் அம்மாவே பேசட்டும் என்று காளியம்மா தலையில் மாட்டிவிட்டார். கொண்டை இடித்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் காளியம்மா.

காத்திருந்தோம்.

திரையின் ஓரத்தில், மெயிலோடு வருகிற சாட் பெட்டியில், அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது.

"மிஸ் இருக்கீங்களா"

நான் இரண்டு விரலால் டைப் பண்ணுகிறவன். அதனால் நான் தமிழில் சொல்ல, குசும் மிஸ் காதில் விழுந்தபடியே ஆங்கில எழுத்தில் அடித்தார். "இருக்கோம். அம்மா பக்கத்துல இருக்காங்க. பேசலாமா?"

"பேச வேணாம். கெழவி மட்டும் இன்னைக்குப் போகல, பக்கத்து ரூம்ல தூங்குது. சத்தம் கேக்கும்."

ஹெட்போனைக் கழற்றலாம் என்று காளியம்மாவிடம் சொன்னேன். இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். ஒரு சத்தமும் வராத அந்தக் கருவியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டே கடைசி வரை இருந்தார்.

அடுத்த வரி வந்தது. வாசிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"கையில இஸ்திரிப் பெட்டிய வச்சிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"என்னங்க எழுதியிருக்கா?" என்றார் காளியம்மா.

"நல்லா இருக்காளாம்..."

"நல்லா இருக்கிறவ எதுக்குங்க பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து எழுதுறா?"

 வாசித்தேன். இருந்தது இருந்தபடி. காளியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் குரல் மட்டும் வந்தது. "ஜன்னல்ல நின்னா என்ன தெரியுதுன்னு கேளுங்க."

கேட்டோம்.

"ரோடு. எதிர்ல ஒரு லாண்டரி. ஒருத்தர் துணி தேச்சுக்கிட்டு இருப்பார்."

லாண்டரி என்றால் போர்டு இருக்கும். போர்டு என்றால்...? நான் கடைக்காரன். என் கடைப் பலகையில் பெயரை விடப் பெரிதாக இருப்பது டெலிபோன் நம்பர்தான்! "நம்பர் இருக்கா பாரு!" என்று நான் கத்தியதை குசும் மிஸ் அப்படியே அடித்தார். கத்தியதற்காக என்னை முறைக்கவும் செய்தார்.

பச்சைப் புள்ளி அப்படியே நின்றது. பதில் இல்லை. ஜன்னலுக்குப் போயிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து முதல் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குசும் மிஸ்ஸின் கை தானாக வயரைப் பிடித்தது. கழற்றினால் அவள் திரும்பி வரும்போது நாங்கள் இருக்க மாட்டோம். கழற்றாவிட்டால் நூலகத்தின் ஒரே பெட்டி போய்விடலாம். அவரையே பார்த்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

நம்பர் வரத் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணாக. நான் சட்டைப் பையிலிருந்த சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

பிறகு, "கடைசி நம்பர் தெரியல. முன்னால லொறி நிக்கிது."

ஒரே ஒரு எண்! அது இல்லாமல் மற்றதெல்லாம் எதற்கு ஆகும்?

"மேல் மாடி ஜன்னல்ல பாத்துட்டு வாறேன்."

போய்விட்டாள். அதோடு கரண்டும் போனது. பேட்டரிப் பெட்டி 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. பழைய பெட்டி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதற்கே தெரியாது. இருட்டில் திரை மட்டும் வெளிச்சம். காளியம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமி என்று கேட்கவில்லை. குசும் மிஸ்ஸும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில். நான்? பேட்டரிப் பெட்டியைத்தான் கும்பிட்டேன்.

கத்தல் வேகமாகியது.

திரையில் ஒரே ஒரு எண் விழுந்தது. அதன் கீழே, "கார் வருது."

பச்சைப் புள்ளி அணைந்தது. நாங்கள் பெருமூச்சு விடுவதற்குள் திரையும் அணைந்தது.

மழையோடு மழையாகக் கடைக்கு ஓடி, என் போனிலிருந்து அந்த நாட்டு கோடையும் சேர்த்து அந்த நம்பரைச் சுற்றினேன். எடுத்தவர் அரபியில் ஏதோ சொன்னார். நான் இங்கிலீஷில் தடுமாறினேன். அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ திரும்பி ஒரு வார்த்தை பேசினார்... அது மலையாளம்! உடனே தமிழுக்குத் தாவினேன்.

"ஐயா, சிலோன்ல இருந்து பேசுறேன். உங்க கடைக்கு எதிர் வீட்டுல..."

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

"அந்தக் குட்டியா?" என்றார் தணிந்த குரலில். "ஜன்னல்ல நிக்கும். நான் கண்டிட்டுண்டு." பிறகு அவரே கேட்டார். "என்ன வேணும், பறயூ, சொல்லுங்க."

விலாசத்தைச் சொன்னார். தெரு, கட்டட நம்பர், வீட்டுக்காரர் பெயர். இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. அவருக்கும் அங்கே பிழைப்பு இருக்கிறது. தெரிந்தால் அவர் வேலையும் போகும். ஆனாலும் சொன்னார். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காளியம்மாவும் நானும் கொழும்புக் கந்தோருக்குப் போனோம். விலாசத்தையும், சேதி சொல்ல என் கடை போன் நம்பரையும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். "பார்க்கிறோம்" என்றார்கள்.

பார்க்கிறோம் என்ற வார்த்தைக்கு எத்தனை வாரம் என்று அகராதியில் போட்டிருக்கிறதா?

அதன் பிறகு மெயில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனது. இன்னொன்றும் போனது. குசும் மிஸ் தினமும் காலையில் கதவைத் திறந்ததும், விளக்கைக் கூடப் போடாமல் மெயிலைத்தான் திறந்தார். லாண்டரிக்குப் பேசினேன். "ஜன்னல் இப்போ அடச்சே இருக்கு" என்றார். பிடிபட்டுவிட்டாளா? இடம் மாற்றிவிட்டார்களா? அதற்கு மேல் யோசிக்காமல் இருக்கப் பழகினேன். பழக்கம் வரவில்லை. காளியம்மா ஒரு நாளும் என்னிடம் வந்து என்னாச்சு என்று கேட்கவில்லை. கடைக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்குவார், என் முகத்தைப் பார்ப்பார், நடந்துவிடுவார். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கடை போன் அடித்தது. தூரத்து லைன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"மொதலாளி, நான் தவமணி. எம்பசிக்குக் கூட்டியாந்துட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிருங்க."

சீலை வாங்க வந்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, கடையைப் பூட்டாமல் தோட்டத்து ரோட்டில் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு. லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த காளியம்மா என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. கையைக் காட்டினேன், நல்ல சேதி என்று. அப்போதுதான், அத்தனை நாளில் முதல் தடவையாக, அவர் அழுதார்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். தவமணி மெலிந்து போயிருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை சட்டை. எழுதலாம் என்று சம்மதம் சொன்னதும் அவள்தான். "இன்னொரு பிள்ளை போகுமில்லீங்களா, தெரிஞ்சிக்கட்டும்" என்றாள். குசும் மிஸ்ஸிடமும் போய்விட்டுத்தான் வந்தார்களாம். அங்கே யாரும் பேசவில்லையாம். மூன்று பேரும் சேர்ந்து அழுதார்களாம். நூலகத்தில் சத்தம் போடக்கூடாதே!

டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா இருக்க முடியாமல், பெரிய மனுஷன் தோரணையில் கேட்டும் வைத்தேன். "இனி என்னம்மா செய்யிறதா யோசனை? தையல் பழகுறியா? கொழும்புல ஏதும் வேலை பாக்கட்டா?"

டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல தூங்கணும் மொதலாளி. அங்க என்னையத் தூங்கவே விடல."

அவள் தூங்கட்டும். நாம் கொஞ்ச நேரம் விழித்திருப்போம்.