எப்படிம்மா ஆச்சு?

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. கூலி வேலை செய்கிற முனுசாமி. பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுக்குத் தீனி எடுக்க வைக்கோல் போருக்குப் போனான். உள்ளே சுருண்டிருந்த விரியன் கடித்துவிட்டது.

சாவு வீட்டில் எனக்குப் பேச்சு வராது. ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். அதனால் எல்லோர் பேச்சும் காதில் விழும்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதானே? "எப்படிம்மா ஆச்சு?" அவன் மனைவி அஞ்சலை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

காலையில் அவள் சொன்னது நீளமாக இருந்தது. "மழ ஊத்திக்கினே இருந்திச்சு... பாம்பு போருல வந்து ஒதுங்கிக்கீது. லாந்தர்ல சீமெண்ண இல்ல. மாடு கத்துது, வைக்கோ எடுத்தாந்து போடுன்னேன். அதுவும் எழுந்து போச்சு. கடிச்சதும் மந்திரிக்கத் தூக்கிக்கினு ஓடனாங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போற காஞ்சிபுரம் பஸ்ஸு பூட்ச்சி..."

வெயில் ஏறியது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முனுசாமியின் அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அவள் வாயில் முதலில் மழை காணாமல் போனது. பிறகு லாந்தர். பிறகு மந்திரித்தது — தூக்கிக்கொண்டு ஓடியது அந்த அக்காவின் புருஷன்தானே! அதோடு பஸ்ஸும் போயிற்று.

மிஞ்சியது இதுதான்: "இவ அனுப்பனா. அவன் செத்தான். காரியம் முடியட்டும், இவள தாய் வூட்டுக்கு ஓட்டிடறேன். புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, தெனமும் அஞ்சலதானே அனுப்பும்? அனுப்பனாலே சாவு வரும்னா, அவன் எப்பவோ செத்திருக்கணுமே..." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டுவிட்டது. "அஞ்சாங்கிளாஸ் வக்கீலு வந்துட்டாரு! சரி, நீயே சொல்லு நைனா. யாரு காரணம்?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். மழை, இருட்டு, விரியன், மந்திரம், பஸ்... எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அதில் ஒன்று குறைந்திருந்தாலும் பிழைத்திருப்பானோ என்னவோ. ஆனால், எல்லாமே காரணம் என்றால் யாரைத் திட்டுவது? மழையைத் தாய் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? காரணம் தேடுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். தேடுவதெல்லாம் கைக்கு எட்டுகிற ஆளை!

சாயங்காலம் தாமலிலிருந்து அஞ்சலையின் அம்மா வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் கேட்டாள். "எப்படிம்மா ஆச்சு?"

அஞ்சலை மழையைச் சொல்லவில்லை. லாந்தரைச் சொல்லவில்லை.

"நான்தாம்மா அனுப்பனேன்."

அந்த வைக்கோல் போர் அப்படியே இருக்கிறது. அதைப் பிரித்துப் பாம்பைத் தேட வேண்டும் என்று இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.