ஒட்டிப் போனதில் சூடேறிய கார்

போன சனிக்கிழமை என் மகள் சுபாவுக்குக் கிழக்கேகோட்டையில் அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பதரைக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள். வயது வரம்பு இருக்கிறதே... அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"பஸ் எதுக்கு அத்தான்? நம்ம வண்டி பறக்குமே!" என்றான் மச்சினன் முருகேசன். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. ஆசை ஆசையாக வாங்கிய வேகமான ஆட்டோமேட்டிக் கார். பறக்கும்தான் – சாலை காலியாக இருந்தால்!

வழியில் ஸ்ரீகாரியம் சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஒரு முழம் இடம் விட்டால் போதும், ஸ்கூட்டர் புகுந்துவிடுகிறது. எனக்குப் பொறுக்குமா? "விடாதே, ஒட்டிப் போ!" என்று முன்சீட்டில் என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவனும் பிரேக்கை விட்டு, மிதித்து, விட்டு... அரைமணி நேரம் ஊர்ந்தான்.

டிங்! 'கியர்பாக்ஸ் சூடு – வண்டியை நிறுத்தவும்.' திரையில் சிவப்பு எழுத்து. மணி எட்டு ஐம்பத்தைந்து. ஓரம் கட்டினான். கருகிய வாடை. சுற்றி நின்ற ஆட்டோக்களில் எல்லாம் ஆள்.

"சாரே, எஞ்சின் ஓஃபாக்கு!" என்றார் ஓர் ஆட்டோக்காரர், மலையாளத்தில். முருகேசனின் கை பட்டனுக்குப் போனது.

"ஆஃப் பண்ணாதீங்க மாமா!" பின்சீட்டிலிருந்து சுபா. ஹால் டிக்கெட்டை மடியில் போட்டுவிட்டு, காரின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பார்க்கிங்ல போட்டு எஞ்சின ஓட விடணுமாம். அப்பத்தான் உள்ள ஆயில் சுத்தி சூடு குறையும், கேட்டோ."

காலுக்கு க்ளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே க்ளட்ச் இருக்கிறதாம். ஊரும்போது அது பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்குமாம். அப்படியென்றால் இவ்வளவு சூட்டையும் ஏற்றியது யார்? நான்தான்! அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எட்டு நிமிடம். நான் கடிகாரத்தையும் சிவப்பு எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

எழுத்து அணைந்தது.

இப்போது முருகேசன் முன்னால் தாராளமாக இடம் விட்டான். நன்றாக வழி கிடைத்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். யார் யாரோ புகுந்தார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்தோம் – ஒன்பது இருபத்தெட்டுக்கு! சுபா ஓடினாள். அவள் உள்ளே போனதும் காவலாளி கேட்டில் கை வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நூறில் பாய்வதற்கென்று செய்த கார், அங்குலத்துக்கு அடித்துக்கொண்டதில்தான் கருகியிருக்கிறது. நம்மில் பலர் வீட்டிலும் ஆபீஸிலும் இப்படித்தானே சூடாகிறோம்?

மாலையில் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டர் முன்னால் புகுந்தது. முருகேசனும் சுபாவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.