வேனுக்குள் எட்டாம் வகுப்பு

எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் எட்டாம் வகுப்பு படித்தார்கள். ஒருத்தி அக்கா, இன்னொருத்தி அம்மா. அக்கா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, சாயங்காலம் அடுப்படியில் அம்மாவுக்குப் பாடம் நடத்துவாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. என் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அடுப்படியில் நடந்த வகுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் புதிதாக ஒரு பால்வாடி வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்தது. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் எடுப்பார்கள், எட்டாவது தேறியிருந்தால் போதும் என்றார்கள். அம்மா ஏழாவதோடு நின்றவள். படிப்பு ஏறாமல் நின்றவள் இல்லை. அவளுடைய அப்பாவின் தறிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, நின்றாள். இத்தனை வருஷம் கழித்தும் பிரைவேட்டாக எழுதலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒரு மூக்குத்திக்குக்கூட ஆசைப்பட்டு நான் பார்த்திராத அம்மா, இதற்கு ஆசைப்பட்டாள்.

அப்பாவும் தாராளமாகத் தலையாட்டினார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தறியில் ஓடியது கோர்வைப் பட்டு. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் கரைக்கென்று தனியாக நூலைச் சுமந்து ஒரு நாடா குறுக்கே ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதற்குக் கை போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாள் முழுக்க அந்த நாடாவை வாங்கி வாங்கித் தள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது அம்மாதான். "கூலிக்கு ஒரு ஆள வெச்சிக்கினா ஆச்சி, நீ படி" என்று அப்பா சொன்னார். அம்மா நம்பினாள்.

அக்கா பொல்லாத டீச்சர். பதில் தப்பினால் பெற்ற தாய் என்றும் பார்க்காமல் காதைத் திருகுவாள். தாளிப்பு கருகினாலும் பாடம் நிற்காது. அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே மக்களவை, மாநிலங்களவை என்று ஒப்பிப்பாள். பகலில் கரை நாடாவைத் தள்ளும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். "பிரெஞ்சுக்காரனையும் இங்கிலீஷ்காரனையும் தறி மேல சண்ட வுட்டுகினு இருக்கா, சேல ரெண்டா கிழியப் போவுது" என்று அப்பா கேலி செய்வார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சில மாதங்களில் சிரித்தது போல் அவள் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

பரீட்சை திருவண்ணாமலையில். மற்றப் பாடங்களுக்கெல்லாம் அம்மா விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டுத் தனியாகப் பஸ் பிடித்துப் போய் வந்தாள். எல்லாமே நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். கடைசிப் பரீட்சை சமூக அறிவியல். அன்றைக்கு அமாவாசை, ஊரில் தறி ஓடாது. எங்களுக்கும் கோடை லீவு. களம்பூரில் ஒரு அரிசி மில் முதலாளி வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, முதலாளியிடம் கேட்டு அவருடைய மாருதி வேனைக் கொண்டுவந்துவிட்டார். அம்மா பரீட்சை எழுதட்டும், முடிந்ததும் எல்லோருமாகக் கோயிலுக்குப் போகலாம், ஓட்டலில் பூரி சாப்பிடலாம் என்று ஏற்பாடு. எனக்கு அந்தப் பூரிதான் பரீட்சை.

அக்கா அந்தப் பயணத்தையும் விட்டுவைக்கவில்லை. வழியில் கண்ணில் படுவதையெல்லாம் பாடமாக்கிவிட வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தாள். முன்சீட்டில் சித்தப்பாவும் அப்பாவும். பின்சீட்டில் அம்மா நடுவில், அவளுக்கு இருபுறமும் நாங்கள். வேன் ஊரைத் தாண்டுவதற்குள் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. நகராட்சி ஆபீஸைப் பார்த்ததும் உள்ளாட்சி என்றால் என்ன என்று கேட்டாள். வயலில் மோட்டார் தண்ணீர் கொட்டுவதைக் காட்டிப் பாசனத்தின் வகைகளைக் கேட்டாள். அரிசி மில்லின் புகைபோக்கி தெரிந்ததும் வேளாண்மை சார்ந்த தொழில்கள். அம்மா ஒன்றுக்கும் தடுமாறவில்லை, கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"அண்ணி, நீங்க பால்வாடிக்கு இல்ல, கலெக்டர் ஆபீசுக்கே போவலாம்" என்றார் சித்தப்பா.

நானும் சும்மா இருப்பானேன் என்று, வேனுக்குக் குறுக்கே வந்து நகராமல் நின்ற ஒரு எருமையைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். "உங்க சித்தப்பா" என்றாள் அம்மா. சித்தப்பா உட்பட எல்லோரும் சிரித்தோம்.

களம்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. சித்தப்பா இன்ஜினை அணைத்தார். பேசாமல் இருந்தால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

"ஏண்ணா, அண்ணி வேலைக்குப் பூட்டா தறில கரைக்கு யாரு குந்துவா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஏன், பெரிசு கீதே" என்றார் அப்பா. "எட்டாவது முடிச்சிடுச்சி. இனிமே அது குந்திக்கும்."

அப்பா குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பேச வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தறி நிற்கக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் யோசித்துப் பழகாதவர்.

"ஆளு வெக்கிறேன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா.

"வெக்கலாம். அந்தக் கூலிக்கும் உன் சம்பளத்துக்கும் சரியா பூடும். அப்பறம் நீ போயி இன்னா பிரயோஜனம்? போன மாசமே பொண்ண கேட்டுட்டேன். சரின்னுச்சி."

அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்வியைக் கேட்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மா பதில் சொல்லவில்லை.

எனக்கு அக்கா மேல் பொறாமையாக இருந்தது. இனி அவளுக்கு வீட்டுப்பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, நாளெல்லாம் வீட்டிலேயே இருக்கலாம். இப்படி ஒரு யோகம் எனக்கு எப்போது அடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதமாக இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் அவள் தினமும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அம்மா தேறினால் தன் படிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தே காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

ரயில் போனது, கேட் திறந்தது. போளூரும் போனது. வலப்பக்கம் ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வந்தது. செய்யாற்றுப் பாலத்தில் ஏறியதும் அக்காவுக்கு மறுபடி உற்சாகம் வந்தது.

"இந்த ஆறு எங்கம்மா உற்பத்தி ஆவுது?"

"தெரியல."

"நேத்து சொன்னியேம்மா! மல பேரு. அதோ தெரியுது பாரு."

"மறந்துபோச்சி."

அக்காவுக்கு அழுகை முட்டியது. "பயப்படாத மா, கண்ண மூடிகினு யோசி" என்றாள். பரீட்சைக்குப் போகிறவளுக்கு வர வேண்டிய பயமெல்லாம் அவளுக்கு வந்திருந்தது. அப்பா திரும்பி, "அப்பிடித்தான் இருக்கும், உள்ள போனா எல்லாம் வந்துடும். ஒரு சோடா வாங்கித் தரட்டுமா?" என்றார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்காவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே காத்திருந்தோம். அக்கா உட்காரவே இல்லை. உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ, பதில்களை முணுமுணுத்தபடி கேட்டுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் ஆகவில்லை. மற்ற எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாக அம்மா வெளியே வந்தாள். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருகிறவர்தானே ஜெயித்தவர்? நான் கைதட்டினேன்.

"எல்லாம் எழுதிட்டியா?" என்று அக்கா ஓடினாள்.

"எங்கடீ. ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல. பேர எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அக்கா நடுத்தெருவில் நின்று அழுதாள். அம்மா அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். அப்பாவுக்கும் வருத்தம்தான். "போனா போவுது, அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்றார்.

"வேணாங்க. எனக்கு மண்டையில ஏறாது. நான் கரையே தள்ளிகினு இருக்கேன். இவள ஒம்பதாவதுல போடுங்க. இல்லாட்டி இவளும் என்னை மாரி மக்கா பூடுவா."

"சரி, ஆவட்டும்" என்றார் அப்பா. தறிக்கு ஆள் இருக்கிறது என்றான பிறகு அவருக்கு ஆட்சேபம் சொல்ல ஒன்றுமில்லை. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அக்காவின் படிப்பு முடிவாகிவிட்டது.

சொன்னபடி கோயிலுக்குப் போனோம். அம்மா வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். இவ்வளவு லேட்டாக வேண்டி என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது. ஓட்டலில் அக்கா பூரியைத் தொடவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

அக்கா ப்ளஸ் டூ முடித்து, நர்சிங் படித்து, இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பின்தெருவில் பால்வாடி வந்தது. வேறொரு பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது. அம்மா கண் மங்கும் வரை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினாள். நானோ ஒவ்வொரு முறை மார்க் குறையும்போதும், "ஃபெயிலான அம்மாவுக்குப் பிறந்தா வேற எப்படி இருக்கும்" என்று அவளிடமே சொல்வேன். அம்மா ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை, சோற்றைப் போட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது, அதை எந்த இடத்தில் இறக்கி வைத்தாள் என்பதெல்லாம் எனக்கு விளங்கியபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம், தீபாவளிக்குப் போகும்போது கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது அம்மா இல்லை. சொல்லாமல் விட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அம்மாவின் பையில் விசிறி மடிப்பாக மடித்திருந்த கேள்வித்தாளை உருவிப் பிரித்தேன். காலையில் அக்கா டீச்சராக இருந்தாள், இப்போது நான் டீச்சர். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒப்புக்குப் போல, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மக்களவையின் பதவிக்காலம் என்ன? அஞ்சு வருஷம். பூமத்திய ரேகை என்றால்? சொன்னாள். பாலாற்றின் துணை ஆறு ஒன்று? செய்யாறு. எனக்குச் சரியா தப்பா என்று தெரியாததால் அக்காவைப் பார்த்தேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், அத மடிச்சி வை" என்றாள் அம்மா.

நான் கேட்கவில்லை. கடைசியாக ஒன்றைப் படித்தேன். "தமிழ்நாட்டில் பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர்கள் இரண்டு கூறுக."

முன்சீட்டிலிருந்து அப்பா மெல்லத் திரும்பினார்.

"காஞ்சிபுரம்" என்றாள் அம்மா. பிறகு, "ஆரணி."

"இதகூடவா எழுதல?"

"மறந்துட்டேன்டா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆரணியில் பிறந்து, ஆரணியில் வாழ்க்கைப்பட்டு, தினமும் பட்டு நெய்துகொண்டு, ஆரணியை மறந்துவிட்டாளாம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். சித்தப்பா சாலையைப் பார்த்து ஓட்டினார். அக்கா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு பெரிய வேடிக்கைக்கு ஒருவர்கூட ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லையோ என்று அந்தக் கேள்வியை இன்னும் சத்தமாக, இன்னொரு முறை படித்தேன்.