ஸ்கேனுக்கு வேப்பிலை

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அப்பா கேட்பார். ஒன்பது வயதில் என் பேச்சு அப்படித்தான் இருந்தது. சோறு தொண்டையில் இறங்க அடம்பிடிக்கும். வகுப்பில் எல்லோரும் வளர்ந்துகொண்டே போக, நான் முதல் பெஞ்சை விட்டு நகரவில்லை. எந்நேரமும் தூக்கம் வேறு. சோம்பேறி என்று வீட்டிலும் பள்ளியிலும் தீர்ப்பாகியிருந்தது. ஊரைவிட்டு வந்து வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த டாக்குரியாவில், எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு வங்காளி அம்மா இருந்தார். அவர்கள் பாஷையில் சித்தி என்பதுபோல, நான் காக்கிமா என்று கூப்பிடுவேன். அவர்தான் ஒருநாள் எனக்கு சந்தேஷ் என்ற பால் இனிப்பை ஊட்டும்போது, நாக்கின் அடியாழத்தில் சிவப்பாக ஏதோ உருண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அப்பா சொன்ன கொழுக்கட்டை உண்மையாகவே அங்கே இருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, வெட்டி எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார். அதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அந்த டாக்டரம்மா என் வாயைப் பார்த்ததைவிடக் கழுத்தைத்தான் அதிகம் தடவிப் பார்த்தார். வீட்டில் சாவியைத் தேடும்போது அம்மாவின் முகம் போகும் போக்கு அவர் முகத்திலும் தெரிந்தது. முதலில் ஸ்கேன் எடுங்கள், அதுவரை யாரும் கத்தி வைக்க வேண்டாம் என்றார்.

கையில் ஒரு ஊசி போட்டு, ஒரு பெரிய இயந்திரத்தின் கீழே படுக்க வைத்தார்கள். படத்தில் கழுத்து வெறுமையாக இருந்தது. நாக்கின் அடியில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம். தைராய்டு என்பது நாக்கின் அடியில் உருவாகி, பிள்ளை பிறப்பதற்குள் கழுத்துக்கு இறங்கிவிட வேண்டுமாம். என்னுடையது இறங்கவில்லை. எனக்கு இருப்பது அது ஒன்றுதான், வெட்டியிருந்தால் உடம்பில் தைராய்டே இருந்திருக்காது, தினமும் மாத்திரை கொடுத்தால் அதுவே சுருங்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா இதை எனக்கு அவர் பாஷையில் விளக்கினார்.

"ஹவுராவுக்கு டிக்கெட் எடுத்துட்டு, வண்டியில ஏறாம சென்ட்ரல் பிளாட்பாரத்துலயே உக்காந்துட்டு. அவ்வளவுதான்."

கத்தி இல்லை என்பதில் எனக்கு ஒரே குஷி. ஆனால் ஸ்கேன் எடுத்தவர் போகிற போக்கில் இன்னொன்று சொல்லியிருந்தார். ஊசியில் போட்ட மருந்து உடம்பிலிருந்து போக வேண்டும், அம்மா கர்ப்பமாக இருப்பதால் இன்று ஒருநாள் அவர் பக்கத்தில் போகாமல் இருக்கட்டும் என்று. அப்பா அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார். அதுதான் வினை.

அம்மாவின் பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்திருந்தார். முழங்கால் வலிக்காரர். கட்டிலில் உட்கார்ந்தபடியே வீட்டை ஆண்டார். ஆபீசில் பத்துப் பேரை விரட்டும் அப்பாவுக்கு அக்கா முன்னால் வாய் எழாது.

"பக்கத்துல போவக்கூடாதுன்னா ஒட்டுதுன்னுதான அர்த்தம்? அது என்ன ஒருநாள் கணக்கு? மூணு தண்ணி விட்டுத்தான் வெளிய விடணும்" என்றார் அத்தை.

"யக்கா, இது அம்மை இல்ல..."

"ஒனக்கு என்னல தெரியும்? அவ வயித்துல ஒரு உசுரு இருக்கு."

எங்கள் பக்கத்தில் அம்மை கண்டவர்களுக்கு வேப்பிலைத் தண்ணீரை நாள்விட்டு நாள்விட்டு மூன்று தடவை தலைக்கு ஊற்றிய பிறகுதான் வீட்டோடு சேர்ப்பார்கள். உலகத்திலேயே ஸ்கேனுக்காக அந்தச் சடங்கு நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும். பின்னறை எனக்கு. தனித் தட்டு, தனி டம்ளர். அடுப்படியில் தாளிப்பு நின்றது. வங்காளிகள் கத்தரிக்காயோடு வறுத்துத் தின்பதற்காகச் சந்தையில் விற்கும் வேப்பிலையை அப்பா வாங்கிவர, அது என் கதவில் தொங்கியது. அதைப் பார்த்த காக்கிமாவின் பிள்ளைகள் எங்கள் மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஜன்னல் வழியே லோக்கல் ரயில்கள் தெரியும். ஆள் தொங்கும் ரயில், ஆளில்லாத ரயில், மறுபடி ஆள் தொங்கும் ரயில். அத்தை சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அம்மா வரவேயில்லை. அடுப்படியில் அவர் இருமுவது கேட்கும். எனக்கு அழுகையாக வந்தது. அந்த அறையில் நான் யாருமில்லாதவளாக இருந்தேன். யோசிக்க நிறைய நேரம் இருந்ததால் காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். அம்மாவுக்குப் புதுப் பிள்ளை வரப்போகிறது. அதற்குத் தைராய்டு சரியான இடத்தில் இருக்கும்.

மத்தியானங்களில் கதவுக்கு வெளியே மோடா கிறீச்சிடும். குட்டையான அந்தப் பிரம்பு மோடாவில் யார் உட்கார்ந்தாலும் சத்தம் போடும். அத்தை காவல் இருக்கிறார், நான் வெளியே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்கு ஆத்திரம். முதல் தண்ணீர் ஊற்றிய அன்று மத்தியானம், கதவோரம் தரையில் படுத்துக்கொண்டு என் குழறல் பேச்சில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். வங்காள பாஷையில் சொன்னேன். அத்தைக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது என்ற தைரியம்தான். அம்மாவுக்கு நான் வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிற பிள்ளை வந்ததும் என்னை மறந்துவிடுவாள், என்னைக் காக்கிமாவுக்கே கொடுத்துவிடச் சொல் என்றேன். மோடாவின் சத்தம் நின்றுபோனது. அத்தையை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கதவு திறந்தது. அம்மா, கையில் மாத்திரையோடு. தண்ணீர் கொண்டுவந்தது என் தனி டம்ளரில் அல்ல, அவருடைய டம்ளரில். கட்டிலிலிருந்து அத்தை கத்தினார்.

"ஏளா, இன்னும் ரெண்டு தண்ணி இருக்கு!"

"இருக்கட்டும் மதினி. எம்பிள்ளைக்கு மாத்திர நாந்தான் குடுப்பேன்."

மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு, அம்மா என் தலையை இழுத்துத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து என் காதில் ஒரு உதை விழுந்தது. அம்மாவின் கண் ஏன் அப்படி வீங்கியிருந்தது என்று நான் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை தர வேண்டும் என்ற டாக்டரம்மாவின் கண்டிப்பால்தான் அம்மா வந்தார் என்று நம்பினேன். அதனால் அந்த மாத்திரை எனக்குப் பிடித்துப்போனது.

இன்றும் தினமும் காலையில் அதை விழுங்குகிறேன். கட்டி சுருங்கியது, பேச்சு தெளிந்தது, பெஞ்சு மாறினேன், தம்பியும் பிறந்தான்.

கட்டிலைவிடத் தாழ்ந்த எதிலும் அத்தையால் உட்கார முடியாது, மோடாவிலும்தான். பகலில் அந்த வீட்டில் என்னைத் தவிர வங்காளம் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். இந்த இரண்டுமே அன்றைக்கே எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.