சிவப்பு வண்டியின் ஏகபோகம்

மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஒரு காலத்தில் வெற்றிலை மணக்கும். ஏறுகிறவர்களுக்கெல்லாம் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் ஓசியில் கொடுத்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். தருமபுரிக்கு அப்போது ஓடியவை இரண்டே வண்டிகள். பச்சை வண்டிக்காரர் தானே ஓட்டி, தானே கழுவித் துடைக்கிற சின்ன முதலாளி. சிவப்பு வண்டிக்காரரோ பெரும் பணக்காரர். வெற்றிலையில் தொடங்கியவர் பிறகு பாதி "சார்ஜு" என்றார், அதற்கும் பிறகு பெண்டு பிள்ளைகளுக்குச் சார்ஜே வேண்டாம் என்றார்.

ஊரே சிவப்பு வண்டியில் தொத்திக்கொண்டு போயிற்று. என் அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "ஓசியில வண்டி ஓடறப்ப மாட்டுக்கு எதுக்குத் தீனி?" என்று எங்கள் மாட்டுவண்டியையும் காளைகளையும் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். சில மாதங்களில் பச்சை வண்டிக்காரர் நொடித்துப்போய், தம் வண்டியைச் சிவப்பு முதலாளிக்கே கொடுத்துவிட்டார். "நீங்க ஏறியிருந்தா நான் ஏங்க விக்கறேன்?" என்று கடைத்தெருவில் அவர் கேட்டபோது அப்பா சிரித்து மழுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மறுவாரமே வெற்றிலை நின்றது, சார்ஜு இரட்டிப்பாயிற்று, வண்டி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. நான் அப்போது எட்டாவது. அந்தக் காலத்தில் எட்டாவது தேறினாலே ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வாத்தியாரம்மா ஆகலாம், அந்த ஆசையில் சோறு தண்ணி மறந்து படித்தேன். தருமபுரியில் பரீட்சை. விடியற்காலையிலிருந்து அப்பாவோடு காத்துக்கிடந்தேன். வெயில் ஏறிய பிறகு ஏஜெண்டு வந்து, "ரெண்டு வண்டியும் மொதலாளி வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிருச்சுங்க" என்றார். "எம்பொண்ணுக்குப் பரீட்சைங்க" என்று அப்பா கெஞ்சினார். "வேற வண்டி இருந்தா ஏறிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்தார். காளைகள் இருந்திருந்தால் முந்தின நாளே கிளம்பியிருப்போம்.

செய்தி கேட்டு ஓடிவந்த எங்கள் வாத்தியார், "ஒரே ஆளு கைக்குள்ள எல்லாம் போயிட்டா இப்பிடித்தான். இதுக்குப் பேருதாங்க ஏகபோகம்" என்று கத்தினார். "பேரு என்னவா இருந்தா என்னங்க, புள்ளைக்குப் பரீட்சை போச்சே" என்று அம்மா அழுதாள். அடுத்த வருஷம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருஷம் என்னை அரூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தச் சாலையில் கணக்கில்லாத பஸ்கள். சிவப்பு வண்டியும் இல்லை, அதன் முதலாளியும் இல்லை. போட்டியில்லாமல் ஒருவரே சந்தையை ஆள்வது ஏகபோகம் என்று என் பேத்தியின் பாடப்புத்தகம் சொல்கிறது. சரிதான். ஓசி வெற்றிலையை மென்றுகொண்டு அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது நாங்கள்தான் என்பது மட்டும் அதில் இல்லை.

போன மாதம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சராம். "என்ன படிச்சிருக்கீங்க பாட்டி?" என்று கேட்டாள்.

"ஏழாவதும்மா" என்றேன்.