ஒரு வரி தள்ளி

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஸ்டிக்கர் அக்கா என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்குத்தான் முதலில் வரும். காலரில் ஒரு பார்வை, பையில் ஒரு பார்வை, கையை உள்ளே விட்டுத் திருப்பி ஓரத் தையலில் ஒரு பார்வை. நூல் விட்டிருந்தாலோ, கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் விழும். சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும்.

"அக்காவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதீங்கடி, மாப்பிள்ளை நெத்தியில ஒண்ணு ஒட்டிட்டுத்தான் வருவாங்க" என்று தையல்காரிகள் காதுபடவே பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை எடுப்பாள்.

அன்று அவள் விடுப்பு. ஒரு பள்ளிக்கூடத்தின் மூடிய இரும்புக் கேட்டுக்கு எதிரே, மற்ற பெற்றோர்களோடு நடைபாதைத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் உதவித்தொகைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

மகள் இப்போது படிக்கும் பள்ளியில் இந்த வகுப்போடு அறிவியல் முடிந்துவிடும். மேலே படிக்க ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளி இருந்தது. இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அங்கே கட்டணமே கிடையாது. வாங்காவிட்டால், அந்தப் பள்ளியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி என்று ஒன்று இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அல்ஜீப்ரா பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனாலும் மகளுக்குப் பயிற்சி கொடுத்தது அவள்தான். பெண்ணுக்குக் கணக்கு நன்றாகவே வந்தது, நேரம்தான் போதவில்லை. தெரியாத கேள்வி ஒன்று வந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள்.

"சந்தேகமான சட்டையைக் கையில வச்சுக்கிட்டு நான் யோசிச்சா, பின்னாடி மலையா குவிஞ்சிடும்டி. தூக்கிக் கூடையில போடு, அடுத்ததை எடு. கடைசியில கூடைக்கு வா" என்று தொழிற்சாலைப் பாடத்தையே சொல்லிக் கொடுத்தாள்.

"நான் என்ன சட்டையாம்மா தைக்கிறேன்?"

"தைச்சிருந்தா இந்நேரம் முடிச்சிருப்பே."

முறை பலித்தது. பழைய கேள்வித்தாள்களில் சரியான விடைக்குப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனாள் பெண். நேரமும் மிஞ்சியது.

முந்தின நாள்தான், உண்மைத் தேர்வில் இருப்பதுபோல வட்டங்களைப் பென்சிலால் நிரப்பும் விடைத்தாளின் நகல் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். பெண் உட்கார்ந்து ஒரு முழுத் தேர்வை அதில் எழுதினாள். திருத்த அம்மாவுக்கு நேரமில்லை, மாலை ஷிப்ட். சட்டைகளை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டை ஒன்றில், சரியான விடை வரும் இடங்களில் மட்டும் பெண் எழுதும்போதே துளை போட்டு வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். விடைத்தாள் மேல் அட்டையை வைத்தால் போதும், துளையில் கறுப்பு தெரிந்தால் சரி, வெள்ளை தெரிந்தால் தப்பு.

இப்போது திண்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் கை விடவில்லை. அட்டையையும் தாளையும் பையிலிருந்து எடுத்தாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவர், மகன் உள்ளே எழுதுகிறான், எட்டிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கே! நீங்களே செஞ்சதா?"

அவள் அதற்குள் அட்டையைத் தாள்மேல் வைத்திருந்தாள். முதல் சில துளைகளில் கறுப்பு. அதற்குக் கீழே வெள்ளை, வெள்ளை, எப்போதாவது ஒரு கறுப்பு, மறுபடி வெள்ளை. அட்டை கோணலாக இருக்கிறதோ என்று ஓரத்தைச் சரிசெய்தாள். இல்லை, சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவு தப்பு செய்யும் பெண் இல்லையே. கை தானாக அட்டையை ஒரு வரி மேலே தள்ளியது. கீழே இருந்த துளைகளில் எல்லாம் பட்டென்று கறுப்பு நிறைந்தது.

தெரியாத ஒரு கேள்வியைப் பெண் கூடையில் போட்டிருக்கிறாள். அடுத்த கேள்வியின் விடையை, கூடையில் போட்ட கேள்வியின் வரியிலேயே நிரப்பியிருக்கிறாள். அங்கிருந்து கடைசிவரை எல்லாமே ஒரு வரி தள்ளி. நகல் தாளில் கேள்விகளைவிட வரிகள் அதிகம் என்பதால் கீழே மிச்சம் நின்றதும் உறைக்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு சட்டையைக் கூடையில் போட்டால் அதன் இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். மேஜையில் இடம் காலியாக நிற்பது குற்றம். அதைத்தான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். வரியைக் காலியாக விட வேண்டும் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை.

எழுந்து கேட்டுக்குப் போனாள். "ஐயா, என் பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

காவலாளி கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை ஆட்டினார். "கேட்டு மூடினா மூடினதுதாம்மா. ஹெட்மாஸ்டரே வெளியில மாட்டிக்கிட்டாலும் உள்ள விடமாட்டேன்."

"ஒரு சின்னச் சீட்டு..."

"ஐயய்யோ!" என்று மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து பதறினார். "சீட்டுன்னு சொல்லாதீங்கம்மா. பிட்டு குடுத்தாங்கன்னு உங்க பொண்ணை எழுப்பி வெளிய அனுப்பிடுவாங்க."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓரமாகப் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து, இரும்புச் சத்தத்துக்கு நடுவே பேசினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"லிப்ட் நடுவுல நின்னுபோனா உள்ள இருக்கிறவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்வேன். எதையும் போட்டு அமுக்காதீங்கன்னு. நீ பேசாம உட்காரு."

"என்னாலதாங்க."

"யாராலன்னு அப்புறம் பார்க்கலாம். தண்ணியாவது குடிச்சியா?"

குடிக்கவில்லை. பாட்டில் கையிலேயே இருந்தது.

மணி அடித்தது. கேட் திறந்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு போய்விட்டார். இவள் பெண்ணை மட்டும் காணோம். கூட்டம் வடிந்து, காவலாளி ஒரு கதவைச் சாத்தப் போனபோதுதான் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வலது கையின் ஓரம் விரல் முதல் மணிக்கட்டு வரை பென்சில் கரி.

"ரெண்டு கேள்வியைக் கூடையில போட்டேம்மா" என்றாள் வந்ததும் வராததுமாக. "கடைசிக் கேள்விக்கு நிரப்பிட்டுப் பார்த்தா கீழ ரெண்டு வரி மிச்சம் நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிரிச்சுத் தைச்சேன். கேள்வித்தாள்ல டிக் போட்டிருந்தேன்ல, அதைப் பார்த்து ஒவ்வொண்ணா அழிச்சு ஒவ்வொண்ணா போட்டேன். மணி அடிக்கும்போது கடைசி வட்டம். கூடையைத் திறக்கவே முடியல, ரெண்டும் போச்சு."

"வரியைக் காலியா விடணும்னு நான் சொல்லலடி."

"உனக்கு எப்படித் தெரியும், நேத்துப் போட்டதைப் பார்த்தியா?" அம்மாவின் கையிலிருந்த அட்டையை அப்போதுதான் கவனித்தாள். "எப்போ பார்த்தே?"

"நீ உள்ள இருக்கும்போது."

பெண் அட்டையை வாங்கி ஒரு துளை வழியாக அம்மாவைப் பார்த்தாள். "நல்லவேளை, நான் உள்ள இருந்தேன். இல்லேன்னா உன் பதட்டம் எனக்கும் ஒட்டியிருக்கும்" என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பி, கரியை உற்றுப் பார்த்தாள். "அழிச்ச இடமெல்லாம் சுத்தமா இருந்துச்சா? கரி ஈஷலையே?"

"மிஷின்தானேம்மா திருத்தும்."

அதுதான் அவளுக்குப் பயம். மங்கலான கறையைக் கண் மன்னிக்கும். மிஷின் என்ன செய்யுமோ. முடிவு வரும்வரை, சட்டையில் சாம்பல் நிறக் கறை எதைக் கண்டாலும் மேஜையில் அவள் கை ஒரு நொடி நின்றது.

முடிவு வந்தது வேலை நேரத்தில். மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கழிப்பறைப் பக்கம் போய்ப் போனை எடுத்தாள்.

"கிடைச்சிடுச்சும்மா. லிஸ்ட்ல கடைசியிலிருந்து மூணாவது ஆளு நான்."

"கடைசியிலிருந்தா!" என்று அதட்டினாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு சட்டை அவள் மேஜைக்கே திரும்பி வந்தது. பை கோணல், குழந்தைக்குக்கூடத் தெரியும் கோணல். முந்தின நாள், போன் பேசிவிட்டு வந்த பிறகு அவள் பார்த்து அனுப்பியது. அதன் மேல் யாரோ பெரிதாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். தையல் வரிசை முழுக்கத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தது.