எங்கள் பட்டறைக்கு வந்து போன முலாம் தொட்டி

தாழ்ப்பாள் செய்கிறவன் வீட்டில் எல்லாரும் பயமில்லாமல் தூங்குவார்கள் என்று ஊருக்குள் ஒரு நினைப்பு. நான் நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று என் மனைவியைக் கேளுங்கள். வடக்கனந்தல் பக்கம் சின்னப் பட்டறை. தாழ்ப்பாளும் கீலும் செய்கிறோம். துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் ஏற்ற வேண்டும். அதற்குச் சரக்கைப் பாண்டிச்சேரி முலாம் பட்டறைக்கு அனுப்பிவிட்டு லாரி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதா, பட்டறையிலேயே சொந்தத் தொட்டி வைப்பதா? இந்தக் கேள்வியோடு உழன்றுகொண்டிருக்கும் பட்டறைக்காரர்களே, கொஞ்சம் உட்காருங்கள்.

கிரகப்பிரவேசத் துரு

என் சரக்கில் பாதிக்கு மேல் எடுப்பவர் திருக்கோவிலூர்க் கடைக்காரர் ஒருவர். போன மழைக்காலத்தில் அவரிடம் வாங்கிய தாழ்ப்பாள்களை யாரோ புது வீட்டுக் கதவுகளில் போட, கிரகப்பிரவேசத்தன்றே வெள்ளையும் பழுப்புமாய்த் துரு. கழற்றிக் கொண்டுவந்து அவர் மேசைமேல் கொட்டியிருக்கிறார்கள். என்னை வரச் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவரோ டீ வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"இன்னொரு லோடு இப்பிடி வந்துச்சுன்னா, வண்டிய இந்தப் பக்கம் திருப்பாதீங்க."

தொட்டிக்கும் சூடம்

பாண்டிச்சேரி முலாம்தான் சரியில்லை என்று நினைத்து, அந்தப் பயத்தில்தான் சொந்தத் தொட்டி ஆசை வந்தது. விழுப்புரம் பக்கம் நண்பர் ஒருவர் முலாம் பட்டறை நடத்துகிறார். பார்க்கப் போன அன்று அங்கே ஆயுத பூஜை. அவசர ஆர்டர் என்று அன்றைக்கும் முலாம் ஏற்றத் தொட்டியில் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. லேத்துக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தொட்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். வேலையாள் ஒருவர் பக்தியோடு எரிகிற சூடத்தட்டை எடுத்து, குமிழி விட்டுக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலேயே சுற்றப் போனார். நண்பர் பாய்ந்து அவரைப் பின்னால் இழுத்தார். அந்தக் குமிழியில் வருவது தீப்பிடிக்கிற வாயுவாம். இதைக் கேட்டபோது நான் தெருவில் நின்றிருந்தேன், என் செருப்பு உள்ளே கிடந்தது. வேலையாளுக்கு மட்டும் மனசே ஆறவில்லை:

"சாமிக்குக் காட்டுற சூடம் எப்பிடிங்க நம்மள கொல்லும்?"

தண்ணி கேன்

இவ்வளவு பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சோதனைக்கு என்று பழைய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினேன். இரும்பைக் கழுவ ஆசிட்டும் வந்தது. டிரம்மில் கசிவு இருந்ததால் எங்கள் ஃபிட்டர் சேகர் ஆசிட்டைக் காலியாகக் கிடந்த குடிதண்ணீர் கேனில் ஊற்றி, நிழலாக இருக்கட்டும் என்று குடிக்கிற கேனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

பக்கத்துக் கரும்புத் தோட்டத்து ஏழுமலை அண்ணன் தினமும் எங்கள் பட்டறையில்தான் தண்ணீர் குடிப்பார். அன்றைக்கும் வந்து டம்ளரில் சாய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். நெடி மூக்கில் ஏறியது; டம்ளரை வீசிவிட்டு இருமினார், இருமினார், நிற்கவே இல்லை. பதறிப்போய், பார்த்துக் குடிக்கக் கூடாதா என்று உளறிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தண்ணி கேன்ல தண்ணி இருக்கும்னு நெனச்சது என் தப்புங்களா?"

ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு

மறுநாள் அவர் வந்தார், தண்ணீர் கேட்கவில்லை. பட்டறை இருக்கும் என் நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் ஒரே கிணறு. முலாம் கழுவின தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று கேட்டார். தொட்டி விற்றவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்: தனியாகச் சிமெண்டுத் தொட்டி கட்டுவோம், தேக்குவோம், மருந்து போட்டுத் தெளிய வைப்போம், ஒரு சொட்டு வெளியே போகாது. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சொன்னதை எல்லாம் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உங்க மேல கோவம் இல்லீங்க. மலைல மழ புடிச்சுகினு ஓடை கரைய தாண்டி வரும்போது உங்க தொட்டி ரொம்பி வழியாதா? அத மட்டும் சொல்லுங்க, நான் போய்க்கினே இருக்கேன்."

மறுபடியும் லாரி

ஓடையை எந்தச் சிமெண்டைப் போட்டு நான் அடைப்பது? தொட்டியைத் திருப்பி அனுப்பினேன், கூடவே ஆசிட்டையும். இந்த முறை சரக்கோடு நானும் லாரியில் பாண்டிச்சேரி போய் நின்றேன். அட, முலாம் ஏறிய தாழ்ப்பாளை ஈரம் காயாமலேயே சாக்கில் போட்டுத் தைக்கிறார்கள்! மழைக்காலத்தில் துருப் பிடிக்காமல் என்ன செய்யும்? உட்கார்ந்து எல்லாவற்றையும் காயவைத்து, பேப்பரில் சுற்றி, நேராகத் திருக்கோவிலூர் கொண்டுபோனேன். சொந்தத் தொட்டி இல்லை, அதனால் சரக்கு தாமதமானாலும் ஆகும் என்றும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாழ்ப்பாளை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்:

"பாதி லோடு எறக்குங்க. மீதி, மழ முடியட்டும், பாத்துட்டு சொல்றேன்."

பயமே இல்லாத பட்டறை எங்கேயும் கிடையாது, எந்தப் பயம் இருந்தாலும் தொண்டையில் சோறு இறங்குகிறதோ அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.